நண்டுக் கால்

கால் ஒடிந்த நண்டுக்குப் பாதி விலை.
இரண்டு கால் போனால்
எடைபோடும் பையன் அதைக் கையிலேயே எடுப்பதில்லை.
நம்புமலர் இந்தக் கணக்கைச் சொல்லித்தான்
அறுபத்தெட்டாம் வருசத்து பிக்கப்பைத்
திருப்பாலைக்குடிப் பட்டறைக்குள் விட்டாள்.
"வில்பட்டையைக் கழட்டு. சுருள் போடு.
மோர்ப்பண்ணையில ஏத்தி தொண்டி போறதுக்குள்ள
என் இடுப்பு கிடக்கட்டும்,
பெட்டிக்கு நாலு கால் போகுது."

பட்டை கழன்றது.
கழன்றது என்று சொல்வது எளிது.
கடலோரத்து வண்டியில் நட்டும் போல்ட்டும்
ஒரே துருவில் ஒட்டிப் பிறந்தவை.
பதினொன்றை முறித்தோம். ஒன்று தானாக வந்தது.
அதை லத்தீப் முத்தமிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மதுரையில் எடைக்கு வாங்கிய காரின் முன்பாதியைச்
சேஸில் வைத்துப் பற்றவைத்தோம்,
நூல் பிடித்து, மூலைக்கு மூலை அளந்து,
மறுபடி அளந்து.
சுருள்கள் உட்கார்ந்தன. வண்டி நேராக நின்றது.
அன்றைக்கு ஆளுக்கொரு பரோட்டா அதிகம்.

மறுநாள் எஞ்சின்.
மூன்று பாய்மரக் கம்பு கட்டிய முக்காலியில் செயின் பிளாக்.
கச்சான் மண்ணை வாரி வீசியதால்
ஈரக் கைலி போர்த்தி,
குளிப்பாட்டிய எருமைபோல் தொங்கியது அது.
லத்தீப் சங்கிலி பிடிக்க, நான் கீழே மல்லாந்து
இறக்கு, இறக்கு, இன்னும் கொஞ்சம்,
நிறுத்து.
ஆயில் சம்பு குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டது.
மவுண்டுக்கும் அது உட்கார வேண்டிய இடத்துக்கும் நடுவே
என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது.

தூக்கி வைத்தால் பானெட் மூடாது.
பின்னால் தள்ளினால் கியர் கம்பி
ஓட்டுகிறவள் முழங்காலில் இடம் கேட்கும்.
முன்னால் தள்ளினால் விசிறி ரேடியேட்டரைத் தின்னும்.
சட்டத்தைக் கொஞ்சம் வெட்டலாமே என்றான் லத்தீப்.
வண்டியே அதன்மேல்தானே நிற்கிறது என்றேன்.
அரைமணி நேரம் இருவரும் பேசவில்லை.
கரண்ட்டும் போனது.

சம்பைத்தான் வெட்டினோம்.
ஆழம் குறைத்து, இடம் போன ஆயிலுக்குப்
பக்கவாட்டில் தகட்டில் ஒரு பை வைத்து,
வெளியே சுண்ணாம்பு பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி
ராத்திரி முழுக்க வைத்திருந்தோம்.
விடியலில் வெள்ளையின்மேல் ஒரே ஒரு கறை, மிளகளவு.
மறுபடி பற்றவைப்பு. மறுபடி சுண்ணாம்பு. மறுபடி ராத்திரி.

காய்ந்தது. துடைத்து, பேக்கிங் ஒட்டி, மாட்டப்போனால்
பொருந்தவில்லை.
உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாய்
பழைய ஆழத்தையே நினைத்துக்கொண்டு நீண்டிருந்தது.
மூன்று நாளாக அது எங்கள் கண்முன்னால்தான் இருந்தது.

வண்டி எப்போ என்று கேட்க வந்த நம்புமலர்
குனிந்து பார்த்தாள்.
"இதென்ன, தண்ணி மோட்டாரோட புட்வால்வு மாதிரி?"
"அதேதான்."
"தரையில முட்டினா இழுக்காது. ரொம்ப மேல நின்னா
காத்தை இழுக்கும். நண்டுத் தொட்டியில
நான் ரெண்டு விரக்கடை விடுவேன்."
ஆயிலுக்கு அரை விரல் போதும் என்று
நான் வாயைத் திறப்பதற்குள்
லத்தீப் குழாயை வைஸில் வைத்து அறுக்கத் தொடங்கியிருந்தான்.

கடைசி மவுண்ட் போல்ட் ஒரு நூல் விலகி நின்றது.
கடப்பாரையால் நெம்பினேன். அவன் சுத்தியால் தட்டினான்.
நெம்பல், தட்டல், ஒரு கெட்ட வார்த்தை,
டக்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குப் போன்.
"ஒரு சத்தம் வருது."
வயிற்றைக் கலக்கியது எனக்கு.
புஷ்ஷா? பேரிங்கா? விசிறி எதிலாவது உரசுகிறதா?
"ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திப் பாத்தேன். அப்பவும் வருது."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"பெட்டிக்குள்ள பிராண்டுதுங்க.
எட்டு வருசமா ஏத்துறேன், இதுங்க
சத்தம் போடும்னே எனக்குத் தெரியாது."
கால்களை எண்ணினாயா என்றேன்.
"தொண்டியில எண்ணிக்குவோம்" என்றாள்,
ஆனால் போனை வைக்கவில்லை.
கொஞ்ச நேரம் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்:
ஈரச் சாக்குக்கடியில் நகங்கள்,
அதற்கப்பால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு லாரி.

ஆயில் சொட்டுகிறதா பார் என்று
சொல்ல மறந்துபோனேன்.